தோர்தோன், வெசேர் ஆற்றங்கரைகளில் ஐந்து நாள்: முழுமையான வழிகாட்டி

பிரான்சின் தென்மேற்கே, போர்தோ நகருக்குக் கிழக்கில், தோர்தோன் ஆறும் அதன் துணையாறான வெசேரும் ஓடும் நாட்டுப்புறத்துக்குப் போகத் திட்டமிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோட்டைகள், பாறையை ஒட்டிக் கட்டிய ஊர்கள், ஆதிமனிதர்கள் ஓவியம் தீட்டிய குகைகள் என்று இங்கே பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை சார்லா என்னும் சிறு நகரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. இடங்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதாலேயே, எதை எந்த வரிசையில் பார்த்தாலும் சரிதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி வந்தவர்கள் குகை வாசலில் சீட்டு இல்லாமலும், சந்தை நாளில் வண்டி நிறுத்த இடம் இல்லாமலும், மதியம் மூன்று மணிக்குச் சாப்பாடு கிடைக்காமலும் தவித்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைக்கே முதலிடம்.

1. எல்லாவற்றுக்கும் முன் குகைச் சீட்டு

விமானச் சீட்டு வாங்கும் முன்பே, தங்குமிடம் தேடும் முன்பே, குகைகளுக்கான நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பயணத்தில் மற்ற எதையும் ஒரு நாள் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம். குகைச் சீட்டில் மட்டும் அச்சிட்ட மணியைத் தவறவிட்டால் அன்றைய வாய்ப்பு போய்விடும்.

இதற்குக் காரணம் மனிதரின் மூச்சு. 1940இல் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்கோ குகையில், பார்வையாளர்கள் வெளியிட்ட கரியமில வாயுவாலும் ஈரத்தாலும் ஓவியங்களின் மேல் பாசி படர்ந்ததால் 1963இல் அது மூடப்பட்டது. இன்று மக்கள் காண்பது மோந்தின்யாக் ஊரில் 2016 டிசம்பரில் திறக்கப்பட்ட 'லாஸ்கோ 4' என்னும் முழு அளவு நகல். இதை அறியாமல் அசல் குகைக்குள் போகப்போகிறோம் என்று நம்பி வருபவர்கள் இப்போதும் உண்டு. நகல் என்பதால் அதை ஒதுக்கவும் வேண்டாம். காளைகளின் அளவையும், பாறையின் புடைப்பையே விலங்கின் வயிறாகவும் தோளாகவும் ஆக்கிக்கொண்ட ஓவியரின் திறமையையும் அங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

அசல் ஓவியத்தைப் பார்க்க விரும்புபவர்கள் லெசெய்சி ஊருக்கு அருகிலுள்ள ஃபோன்-த-கோம் குகைக்குச் செல்ல வேண்டும். பல வண்ணங்களில் தீட்டிய அசல் ஓவியங்களைப் பொதுமக்கள் இன்னும் காணக்கூடிய மிகச் சில குகைகளில் அது ஒன்று. ஒரு நாளில் அனுமதிக்கப்படுபவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. வழிகாட்டியுடன் சிறு குழுக்களாகத்தான் உள்ளே விடுவார்கள். எனவே ஃபோன்-த-கோமில் எந்த நாள் கிடைக்கிறதோ அதை முதலில் பிடித்துக்கொண்டு, லாஸ்கோ 4 சீட்டை அதற்குப் பொருந்த வாங்குங்கள். நகலில் இடம் அதிகம் என்பதால் இந்த வரிசையில் தேடினால் இரண்டும் கிடைக்கும். வரிசையை மாற்றினால் ஃபோன்-த-கோம் கைநழுவிப் போகும்.

லாஸ்கோ 4இல் ஆங்கில வழிகாட்டிச் சுற்றுகள் பிரெஞ்சுச் சுற்றுகளைவிடக் குறைவு. மணியைத் தேர்ந்தெடுக்கும்போது மொழியையும் கவனியுங்கள். இரண்டு குகைகளுக்கும் ஒரே நாளில் சீட்டு எடுத்தால், நடுவில் குறைந்தது மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

2. எந்த மாதம்

மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களே என் பரிந்துரை. ஜூலை, ஆகஸ்டில் ஆற்றை ஒட்டிய டி703 சாலையில் வண்டிகள் ஊர்ந்து செல்லும். சீட்டுகளும் சீக்கிரம் தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் கூட்டம் இருக்காது. ஆனால் படகு வாடகை நிலையங்களும் சில குகைகளும் மூடியிருக்கும். பள்ளி விடுமுறையை ஒட்டியே வர முடியும் என்றால் ஜூலை முதல் வாரம் ஆகஸ்டைவிடப் பரவாயில்லை.

3. விசா, ஓட்டுநர் உரிமம்

பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாரிசிலோ ஷெங்கன் நாடுகளின் வேறு ஊர்களிலோ வாழும் தமிழர்களுக்கு இந்தப் படி தேவைப்படாது.

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் புறப்படும் முன் தங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொள்ள வேண்டும். மூல உரிமத்தையும் கையில் வைத்திருங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் செல்லும். வாடகை காரைப் பதிவு செய்யும்போது தானியங்கி கியர் வேண்டும் என்றால் அதைக் குறிப்பிட்டே கேளுங்கள். பிரான்சில் கையால் மாற்றும் கியர் வண்டிகளே இன்னும் அதிகம் கிடைக்கின்றன. இடது கையால் கியர் போட்டுப் பழகியவர், வலப்பக்கப் போக்குவரத்தையும் வலக்கைக் கியரையும் குறுகிய கிராமத்துச் சாலையில் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்வது கடினம்.

4. தங்குமிடம் ஒன்றே போதும்

நாளுக்கொரு ஊரில் தங்குவது இந்தப் பள்ளத்தாக்குக்குப் பொருந்தாது. தூரங்கள் குறைவு, பெட்டி கட்டுவதற்கும் அறைச் சாவிக்காகக் காத்திருப்பதற்கும்தான் நேரம் வீணாகும்.

கார் இல்லாதவர்கள் சார்லாவின் பழைய நகரத்திலேயே தங்குங்கள். கார் உள்ளவர்களுக்கு அந்தப் பழைய நகரம் ஏற்றதல்ல. தெருக்கள் ஒடுங்கியவை, சனிக்கிழமைச் சந்தை அன்று நடுப்பகுதி முழுவதும் கடைகளால் நிறைந்துவிடும். அவர்கள் வித்ராக், செனாக் போன்ற ஆற்றோர ஊர்களிலோ, சார்லாவின் வெளிப்புறத்திலோ வண்டி நிறுத்த இடமுள்ள வீட்டைத் தேடுவது நல்லது. பதிவு செய்யும் முன் வீட்டுக்காரரிடம் ஒன்றை மட்டும் எழுதிக் கேளுங்கள்: வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து வாசல் எத்தனை படி? பாறைச் சரிவில் கட்டிய வீடுகளில், முதியவர்களோடும் பெட்டிகளோடும் வந்தவர்கள் முதலில் திணறுவது படிகளில்தான்.

5. போய்ச் சேர்வதும் சாலை நடைமுறையும்

பாரிசிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். போர்தோவிலிருந்து பெர்ழராக் வழியாகச் சார்லாவுக்கு வட்டார ரயில் உண்டு. அதற்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். காரில் வருபவர்கள் பாரிசிலிருந்தே ஓட்டி வராமல், ரயிலில் போர்தோவுக்கோ ப்ரீவ் நகருக்கோ வந்து அங்கே வண்டி எடுப்பதே நல்லது. 500 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்டிக் களைத்தவர், மிகுந்த கவனம் தேவைப்படும் கிராமச் சாலையைக் கடைசியில் சந்திக்க நேர்வது ஆபத்து.

நாட்டுப்புறச் சாலையில் புதியவர்கள் தவறவிடும் விதிகள் இரண்டு. சிவப்பு விளிம்போடு ஊர்ப் பெயர் எழுதிய வெள்ளைப் பலகையைக் கடந்த கணத்திலிருந்து, தனியாக வேகப் பலகை எதுவும் இல்லாவிட்டாலும், எல்லை மணிக்கு 50 கிலோமீட்டர். அதே பெயரின் மேல் சிவப்புக் கோடு குறுக்கே போட்ட பலகையைத் தாண்டும்வரை அது நீடிக்கும். பலகையைப் பெயருக்காகப் படித்துவிட்டு வேகத்தைக் குறைக்காதவர்களே அபராதக் கடிதம் பெறுகிறார்கள். இரண்டாவது, ஊருக்குள் எந்தக் குறியீடும் இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்புறத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். அது ஒரு சிறு சந்திலிருந்து வந்தாலும் முன்னுரிமை அதற்கே.

எரிபொருளை வெள்ளிக்கிழமையே நிரப்பிவிடுங்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு பேரங்காடிகள் பலவும் மூடிவிடும். ஆளில்லாத பம்புகள் மட்டும் இயங்கும். அவை ரகசிய எண் கேட்கும் அட்டையைத்தான் ஏற்கும். நிரப்பும் முன்பே ஒரு பெருந்தொகையைத் தற்காலிகமாகப் பிடித்தும் வைக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்படாத அட்டையோடு வந்தவருக்கு அந்த இடத்தில் உதவ ஆள் இருக்காது.

6. முதல் நாள்: நடை மட்டும்

வந்து சேர்ந்த நாளில் எதற்கும் சீட்டு வாங்க வேண்டாம். ரயில் தாமதமானால் பணம் போகும். சார்லாவின் தெருக்களில் நடந்தாலே போதும். மாலையில் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு மஞ்சள் கல் சுவர்களில் விளக்கொளி விழும் நேரம்தான் ஊரைப் பார்க்கச் சிறந்தது.

பெரிய சந்தை சனிக்கிழமை. புதன்கிழமை காலையிலும் சந்தை உண்டு. சந்தை பார்க்க விரும்பினால் காலை ஒன்பதுக்குள் நடந்து போய்விடுங்கள். அதற்கு மேல் வண்டியோடு நகருக்குள் நுழைவது வீண் முயற்சி. வரும் நாள்களுக்கான வால்நட், ரொட்டி, பழம், ரோக்கமதூர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஆகியவற்றை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஏன் என்பது பத்தாம் பகுதியில் புரியும்.

7. ஆற்று நாள்: எந்த நாள் என்பதை வானிலை சொல்லட்டும்

குகை நாளைத் தவிர மீதியுள்ள நாள்களில் மழை இல்லாத நாளை ஆற்றுக்கு ஒதுக்குங்கள். முதல் மாலையில் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் படகைப் பதிவு செய்வதே முறை. மே, ஜூன், செப்டம்பரில் முந்தைய நாள் கேட்டாலும் பெரும்பாலும் படகு கிடைக்கும்.

துடுப்புப் படகுப் பயணம் எப்போதும் நீரோட்டத்தின் திசையிலேயே, அதாவது கிழக்கிலிருந்து மேற்கே அமையும். முதல் முறை போகிறவர்களுக்கு ஏற்றது, செனாக்கிலிருந்து பெனாக் வரையிலான சுமார் 10 கிலோமீட்டர். வழியில் இறங்கிப் பார்த்து, சாப்பிட்டு வந்தால் அரை நாள் ஆகும். வித்ராக்கிலிருந்து தொடங்கினால் சுமார் 16 கிலோமீட்டர். குழந்தைகள் இருந்தால் அது அதிகம். குறுகிய வழியிலேயே பாறையடி ஊரான லா ரோக்-கஜாக் வலப்பக்கமும், காஸ்தெல்நோ கோட்டை இடப்பக்கமும், கடைசியில் பெனாக் கோட்டை வலப்பக்கமும் வந்துவிடுகின்றன. எனவே நீண்ட வழியால் கூடுதலாகக் கிடைப்பது தோம் ஊரின் பாறை முகப்பும் அமைதியும்தான்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, வேனில் ஏற்றிச் செல்வது துடுப்புப் போடும் முன்பா, பின்பா என்பது. முன்பாக என்றால், நீங்கள் பயணம் முடியும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, வேனில் மேலே போய், உங்கள் வேகத்தில் காருக்கே வந்து சேரலாம். பின்பாக என்றால், கடைசி வேனின் மணியை மனத்தில் வைத்துக்கொண்டு துடுப்புப் போட வேண்டியிருக்கும். நனைந்த உடையோடு காத்திருக்கவும் நேரலாம். முதல் முறையை வைத்திருக்கும் நிலையத்தையே தேர்ந்தெடுங்கள்.

காலையில் தொடங்குவதற்குக் காரணங்கள் உண்டு. மேற்கே போவதால் காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். பிற்பகலில் நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி நேரே கண்ணில் விழும். கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது.

படகு எடுப்பவர் குறைந்தது 25 மீட்டர் நீந்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது பிரான்சின் விதி. நீங்களே உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். நீந்தத் தெரியாமல் கையெழுத்திடுவதைக் கூச்சத்தால் செய்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். லா ரோக்-கஜாக்கிலிருந்து புறப்படும் 'கபார்' என்னும் தட்டையடிப் படகில் அமர்ந்தபடியே அந்தக் கோட்டைகளின் பெரும்பகுதியைப் பார்த்து வரலாம். முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அதுவே சரி.

பாதுகாப்பு மேலாடையைக் கரையிலேயே அணிந்து வாரை இறுக்குங்கள். காலணி பின்பட்டையுள்ளதாக இருக்கட்டும். கரையெல்லாம் கூழாங்கல், சாதாரணச் செருப்பு முதல் அடியிலேயே ஆற்றோடு போய்விடும். கைபேசி, கார் சாவி, பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றைப் படகோடு தரும் நீர்புகா டப்பாவில் போட்டு, மூடியை நிலைய ஊழியர் ஒருமுறை திருகிக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பாவைப் படகில் கட்டிவிட வேண்டும். மூடியது மட்டும் போதாது.

பாலத் தூண்களை நெருங்கும்போது துடுப்பை நிறுத்தாதீர்கள். தயங்கினால் நீரோட்டம் படகைக் குறுக்காகத் திருப்பித் தூணில் சாத்திவிடும். தூரத்திலேயே நடுவளைவைக் குறிவைத்து, வேகம் குறையாமல் கடக்க வேண்டும்.

நடுவில் கரையேறிச் சாப்பிடும்போது படகை நீர்விளிம்பில் விடாமல் நன்றாக மேலே இழுத்துப் போடுங்கள். ஆற்றின் மேல்பகுதியில் நீர்மின் அணைகள் உள்ளன. மழையே இல்லாத நாளிலும் அவை திறந்துவிடும் நீரால் மட்டம் உயரக்கூடும். சாப்பிட்டுத் திரும்பும்போது படகு தானாக மிதந்து போய்க்கொண்டிருப்பதைப் பார்த்து ஓடியவர்களுக்கு அப்போதுதான் இது விளங்கியது.

8. கோட்டை நாள்: ஒளியைப் பின்தொடருங்கள்

ஆற்று நாளுக்கு அடுத்து கோட்டை நாளை வையுங்கள். நீரிலிருந்து நிமிர்ந்து பார்த்த பின் மேலே ஏறினால், எந்தக் கோட்டை எந்த வளைவைக் காத்தது என்பது தானாகப் புரியும். பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போரில் பெனாக் பிரெஞ்சுத் தரப்பிலும், எதிர்க்கரையிலுள்ள காஸ்தெல்நோ பல காலம் ஆங்கிலேயர் வசத்திலும் இருந்தன. ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள்.

காலையில் காஸ்தெல்நோ. அது தென்கரையில் இருப்பதால் அங்கிருந்து வடக்கே பார்க்கும்போது சூரியன் உங்கள் பின்னால் இருந்து பெனாக் பாறையின் மேல் விழும். உள்ளே இடைக்காலப் போர்க்கருவி அருங்காட்சியகம் உண்டு. கல்லெறியும் பொறிகளைக் கோட்டை முற்றத்தில் முழு அளவில் அமைத்து வைத்திருக்கிறார்கள். வாகன நிறுத்தத்திலிருந்து ஏற்றம் செங்குத்தானது. வெயில் ஏறும் முன் ஏறிவிடுவது முழங்காலுக்கு நல்லது.

பிற்பகலில் பெனாக். நண்பகலில் அங்கிருந்து தெற்கே பார்த்தால் ஒளி கண்ணைக் கூசச்செய்து, காஸ்தெல்நோ வெறும் நிழலாகத் தெரியும். நான்கு மணிக்கு மேல் சூரியன் மேற்கே சாய்ந்ததும் எதிர்க்கோட்டையின் சுவர்கள் தெளிவாகத் துலங்கும். ஆற்றோரத்தில் வண்டியை நிறுத்தினால் கிராமத்துக் கல்பாவிய சந்துகள் வழியே ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கோட்டைக்கு மேலேயுள்ள நிறுத்தத்துக்கு நேரே போகலாம்.

மூன்றாவது கோட்டையை இந்த நாளில் திணிக்காதீர்கள். படி ஏறி இறங்கிய களைப்பில் மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை, கடந்துதான் போகிறார்கள். மாலையில் தெம்பு மிச்சமிருந்தால் மார்கெசாக் தோட்டத்தின் கிழக்கு முனைக்கு நடந்து போங்கள். பாதை பெரும்பாலும் சமம். முனையில் நின்றால் மாலை ஒளி உங்கள் முதுகிலிருந்து லா ரோக்-கஜாக்கின் பாறை மேல் விழும்.

தோம் ஊரை வேறொரு நாள் காலைக்கு வையுங்கள். 1281இல் அமைக்கப்பட்ட மதில் சூழ்ந்த ஊர் அது. அதன் வடக்கு விளிம்பிலிருந்து ஆற்றின் முழு வளைவும் தெரியும். இலையுதிர் காலத்தில் பள்ளத்தாக்கை மூடிய பனி காலை பத்து மணிக்கு மேல் கலைவதை மேலிருந்து பார்க்கலாம். அதே ஊரிலிருந்து ஆற்றோரம் இறங்கிவிட்டால் அந்நேரத்தில் ஒன்றும் தெரியாது. கறுப்பினக் கலைஞர் ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்த மிலாந்த் மாளிகையைப் பார்க்க விரும்புபவர்கள் அதைத் தோமுக்குப் பிறகு அன்று பிற்பகலில் சேர்த்துக்கொள்ளலாம்.

9. குகை நாள்

வெசேர் பள்ளத்தாக்கில் லெசெய்சியிலிருந்து மோந்தின்யாக் நோக்கி, ஆற்றின் மேல்போக்கில் செல்லுங்கள். காலையில் ஃபோன்-த-கோம், பிற்பகலில் லாஸ்கோ 4 என்ற வரிசையில் சீட்டு அமைந்தால் நல்லது. அசல் குகையின் மங்கிய கோடுகளைக் கண்டு பழகிய கண், பிறகு நகலில் எதைத் தேட வேண்டும் என்று அறிந்திருக்கும்.

ஃபோன்-த-கோமில் சீட்டிடத்திலிருந்து குகை வாயில்வரை ஏற்றப்பாதை. குறித்த மணிக்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். உள்ளே புகைப்படம் எடுக்க அனுமதியில்லை. பெரிய பைகளையும் அனுமதிப்பதில்லை. கோடையிலும் குகைக்குள் சுமார் 13 பாகை செல்சியஸ்தான் இருக்கும். மேலங்கி இல்லாமல் வந்தவர்கள் பாதியிலேயே ஓவியத்தை மறந்து குளிரை மட்டும் நினைக்கிறார்கள்.

சீட்டு கிடைக்காவிட்டால் ரூஃபின்யாக் குகை இருக்கிறது. குளிர்காலம் தவிர மற்ற மாதங்களில் அங்கே சிறு மின்ரயிலில் உள்ளே அழைத்துச் சென்று அசல் மாமத யானைச் சித்திரங்களைக் காட்டுகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஃபோன்-த-கோமைவிட இதுவே பொருத்தம். லெசெய்சியிலுள்ள தேசியத் தொல்பழங்கால அருங்காட்சியகம் ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

10. சாப்பாட்டு நேரம், சைவர்களுக்கான எச்சரிக்கை

உணவகச் சமையலறை பன்னிரண்டுக்குத் திறந்து இரண்டு மணிக்கு மூடும்; மாலை ஏழுக்கு முன் மீண்டும் திறக்காது. கோட்டையிலிருந்து இறங்கும் நேரத்தை இதற்கேற்ப அமையுங்கள். இல்லையேல், சந்தையில் வாங்கிய ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் கைகொடுக்கும்.

சைவ உணவுக்காரர்கள் இந்த வட்டாரத்தில் உருளைக்கிழங்கைக்கூடக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். 'பொம் சார்லதேஸ்' என்று பட்டியலில் வரும் பூண்டிட்ட வறுவல் பார்வைக்குச் சைவம்தான். வறுப்பது வாத்து அல்லது தாரா கொழுப்பில். பூண்டு சூப்புக்கும் பெரும்பாலும் அதுவே அடிப்படை. இறைச்சி இல்லை என்று மட்டும் சொன்னால் சமையற்காரர் இதைச் சேர்த்து எண்ணமாட்டார். வாத்துக் கொழுப்பும் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள். பேச்சைத் தொடங்கும் முன் 'போன்ழூர்' சொல்வதை மறவாதீர்கள். வணக்கம் சொல்லாமல் கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாக எண்ணுவார்கள்.

11. கார் இல்லாதவர்களுக்கு

கார் இல்லாமலும் வரலாம். பட்டியலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். சார்லாவிலிருந்து லெசெய்சிக்கு ரயிலில் போக லெ புய்சோன் நிலையத்தில் மாற வேண்டும். இரண்டு தடங்களிலும் வண்டிகள் குறைவு என்பதால், குகைச் சீட்டின் மணியை ரயில் அட்டவணையைப் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள். அல்லது அன்று மட்டும் முந்தைய இரவே லெசெய்சியில் தங்கிவிடுங்கள்.

ஆற்றுக்கு மிதிவண்டி நல்ல வழி. சார்லாவிலிருந்து க்ரோலெழாக் வழியாகக் கசூலெஸ்வரை, பழைய ரயில் தடத்தின் மேல் சுமார் 25 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். ரயில் தடம் என்பதால் கடும் ஏற்றமில்லை. வண்டிகளின் தொல்லையும் இல்லை. க்ரோலெழாக்கில் தோர்தோனைக் கடக்கும் இடம்வரை போய்த் திரும்புவதே ஒரு நாளுக்குப் போதுமானது. பெனாக், காஸ்தெல்நோ பக்கம் இந்தப் பாதை செல்லாது. கோட்டைகளுக்கு டாக்சியை முந்தைய நாளே சொல்லி வையுங்கள். சார்லாவில்கூடத் தெருவில் நின்று கைகாட்டி நிறுத்தும்படி டாக்சிகள் ஓடுவதில்லை. திரும்பும் நேரத்தையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.